ஜவ்வாது மலையில் கூடாரம்: மூன்று குளிர்காலம் கற்றுத் தந்தது

வேலூர்க்காரர்களுக்கு வெயிலைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கத்திரி வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டுவது வருடா வருடம் நடப்பது. அதனால்தானோ என்னவோ, குளிரை நாங்கள் மதிப்பதே இல்லை. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் மாதம் ஜமுனாமரத்தூர் அருகே முதன்முதலாகக் கூடாரத்தில் தங்கப் போனபோது, ஐந்து பேருக்கு மூன்று போர்வைகளும் இரண்டு கோரைப்பாய்களும் எடுத்துப் போனேன். இரவு இரண்டு மணிக்கு என் இளையவளுக்குப் பல் தந்தியடித்தது. மூன்று போர்வைகளையும் அவள் மேலேயே போட்டோம். நடுக்கம் நிற்கவில்லை. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். மார்பு கதகதப்பாக இருந்தது. முதுகு சில்லிட்டுக் கிடந்தது. குளிர் மேலிருந்து இறங்கவில்லை, அவள் படுத்திருந்த மண்ணிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது.

மிச்ச இரவைக் காரில் கழித்தோம். என் மாமியார் குழந்தையை மடியில் போட்டு முந்தானையால் சுற்றிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். குழந்தைகளுக்கு அவர் ஆயா. இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.

காலையில் அந்த நிலத்துக்குச் சொந்தக்கார அம்மா கேழ்வரகுக் கூழோடு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் கூடாரத்துக்குள் குனிந்து பார்த்தார். பாயை ஒரு விரலால் தூக்கினார். "வெறும் தரையிலா பிள்ளையைப் படுக்க வைத்தீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் போனவர், ஒரு கட்டு சாமைத் தாளோடு திரும்பி வந்தார். அறுவடை முடிந்து களத்தில் போராகப் போட்டிருந்த தாள் அது. கூடாரத்தைத் தூக்கச் சொல்லி, அடியில் ஒரு முழ உயரத்துக்குப் பரப்பி, காலால் மிதித்து, மறுபடி பரப்பினார். மிதித்த பிறகு நான்கு விரல் கனம் நின்றது. அதன் மேல் தார்ப்பாய், அதன் மேல் கூடாரம், உள்ளே கோரைப்பாய், கடைசியில் ஜமுக்காளம். அன்று இரவு அதே மூன்று போர்வைகளோடு எல்லோரும் விடியும்வரை தூங்கினோம். தாளுக்கு நடுவே அடைபட்டிருக்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. உறங்கும் பை வாங்கக் காசு செலவழிப்பவர்கள், முதலில் அடியில் போடும் மெத்தைக்குச் செலவழியுங்கள். வைக்கோல் கிடைத்தால் அதுவும் வேண்டாம்.

மேலே ஏற ஏற எவ்வளவு குளிரும் என்பதற்கு ஒரு மனக்கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும். வேலூரில் மார்கழி விடியற்காலை 18 டிகிரி என்றால் அதைவிட ஆயிரம் மீட்டர் உயரத்தில் 12. காற்று வீசினால் உடம்புக்கு அதைவிடக் குறைவாகத் தெரியும். கீழே இருக்கும் வெயிலைப் பார்த்துத் துணி எடுத்து வைக்கக் கூடாது.

இன்னொரு தவறும் அந்தப் பயணத்திலேயே செய்திருந்தோம். குளிருக்குப் பயந்து கூடாரத்தின் எல்லா ஜிப்பையும் இழுத்து மூடிவிட்டோம். ஐந்து பேர் மூச்சு விட்ட ஈரம் வெளியே போக வழியில்லாமல் கூரையின் உள்பக்கம் பனித்துளியாகக் கோத்துக்கொண்டு, விடியற்காலையில் போர்வை மேல் சொட்டியது. நனைந்த போர்வை இல்லாத போர்வையைவிட மோசம். இப்போதெல்லாம் மேலே இருக்கும் வலை ஜன்னலை ஒரு சாண் திறந்தே வைக்கிறோம். கதகதப்புக்காகக் கூடாரத்துக்குள் அடுப்போ கரி நெருப்போ வைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குபவர் தூக்கத்திலேயே போய்விடுவார்.

எங்கே தங்குவது என்பதில்தான் பல குடும்பங்கள் குழம்புகின்றன. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி இரவு தங்குவது சட்டப்படி குற்றம். எவ்வளவு அழகான ஓடைக்கரையாக இருந்தாலும் அது நமக்கில்லை. மலைக்கிராமங்களை ஒட்டிய பட்டா நிலங்களில், உரிமையாளர் சம்மதத்தோடு தங்கலாம். ஏலகிரியில் இதற்கென்றே முகாம்கள் இருக்கின்றன. பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. இதனால் ஒரே ஜவ்வாது மலை இன்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. அமிர்தியும் பீஞ்சமந்தையும் வேலூர், ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை, காவலூரும் புதூர்நாடும் திருப்பத்தூர். காட்டுக்குள் நடக்க அனுமதி கேட்கும்போது முதலில் அந்த இடம் எந்த மாவட்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒருமுறை அரை நாளை இதிலேயே தொலைத்தோம்.

நிலம் கிடைத்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி கழிப்பறை. பெண்களும் வயதானவர்களும் இருக்கும் குடும்பத்துக்கு இதுதான் தலையாய விஷயம், ஆனால் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. முதல் பயணத்தில் ஆயா மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். ஏனென்று எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. தலைவலியோடு மலை இறங்கினார். அதற்குப் பிறகு, நிலத்துக்காரர் வீட்டுக் கழிப்பறையை இரவிலும் பயன்படுத்தலாமா, அங்கே போகும் பாதையில் மேடு பள்ளம் உண்டா என்று நேராகக் கேட்டுவிடுகிறேன். யாரும் தவறாக எடுத்துக்கொண்டதில்லை. கழிப்பறையே இல்லாத இடமென்றால் ஓடையிலிருந்து குறைந்தது அறுபது மீட்டர் தள்ளி, அரை அடி ஆழத்தில் குழி தோண்டி மூட வேண்டும். அணையாடைகளும் நாப்கின்களும் குழிக்குள் போகக் கூடாது. அவற்றுக்குத் தனிப் பை வைத்துக் கீழே கொண்டு வந்துவிடுகிறோம்.

கூடாரத்துக்கு முன்பே நாங்கள் அமிர்தியில் தொடங்கியிருக்க வேண்டும். வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர்தான். கணியம்பாடி தாண்டிப் போனால் ஜவ்வாது மலையின் அடிவாரம். சிறிய வனவிலங்குப் பூங்கா, அதைத் தாண்டி ஓடையை ஒட்டி நடந்தால் அருவி. காலையில் போய் மாலைக்குள் வீடு திரும்பலாம். குழந்தை எவ்வளவு தூரம் அழாமல் நடக்கும், யாருக்கு எந்தச் செருப்பு கடிக்கும், எத்தனை லிட்டர் தண்ணீர் தீரும் என்பதெல்லாம் அங்கே ஒரே நாளில் தெரிந்துவிடும். அருவி பருவத்தைப் பொறுத்தது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் இருக்கும். பங்குனியில் போய்ப் பாறையைப் பார்த்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். மழை நாளில் ஓடையைக் கடக்கவே கூடாது. நம் தலைக்கு மேல் வானம் தெளிந்திருக்கும்போதே மலைக்கு மேலே பெய்த மழை ஓடைக்கு வந்துவிடும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் பையைக்கூட எடுக்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். கூடாரத்தையும் ஓடை மணலில் போடக் கூடாது. மெத்தென்று இருக்கும் அந்த மணலைக் கொண்டு வந்து போட்டதே வெள்ளம்தான்.

நடைக்கு எங்களுக்குப் பிடித்தது ஏலகிரியின் சுவாமிமலை. பொன்னேரியிலிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போனால், மங்கலம் கிராமத்தில் பாதை தொடங்குகிறது. உச்சி 4,300 அடிக்குச் சற்று மேல். பெரியவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடுவார்கள். ஏழு வயதுக் குழந்தையோடு எங்களுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. அந்தக் குழந்தையை முன்னால் நடக்கவிட்டது நாங்கள் செய்த நல்ல காரியம். பின்னால் நடந்து வந்த வரையில் அவள் "இன்னும் எவ்வளவு தூரம்" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். முன்னால் விட்டதும் அவள் வேகமே எல்லோருடைய வேகமும் ஆகிவிட்டது. பாறையில் ஓணானைக் கண்டு நின்றால் எல்லோரும் நின்றோம். நச்சரிப்பு போன இடம் தெரியவில்லை.

பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்று வீட்டிலேயே பேசி வைத்திருந்தோம். முதல்முறை உச்சிக்குச் சற்றுக் கீழே அந்த நேரம் வந்துவிட்டது. என் மகனுக்கு அழுகை. இருந்தாலும் திரும்பினோம். இறங்கும்போதுதான் விழுகிறோம்; களைத்த கால், சருகு மூடிய கல், பொழுது சாயும் அவசரம் மூன்றும் அப்போதுதான் சேர்கின்றன. பள்ளிக்கூடக் கேன்வாஸ் ஷூவின் வழவழப்பான அடி, காய்ந்த இலைமேல் எண்ணெய் தடவியது போல் வழுக்கும். அடியில் வரிவரியாகப் பல் இருக்கும் ஷூ வேண்டும். முந்தின நாளே எல்லோருக்கும் கால் நகம் வெட்டிவிடுங்கள். நீண்ட நகம் இறக்கத்தில் ஷூவின் முனையில் இடித்து இடித்துக் கறுத்துவிடும். என் கணவரின் கட்டைவிரல் நகம் விழுந்து முளைக்கப் பல மாதங்கள் ஆயின.

ஆயா ஏறவில்லை. முழங்கால் இடம் தராது. புங்கனூர் ஏரிக்கரையில் அவரோடு ஒருவர் மாறி ஒருவர் இருந்தோம். குடும்பமாகப் போனால் எல்லோரும் எல்லா இடத்துக்கும் ஏறியாக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்ட பிறகுதான் எங்கள் பயணங்களில் சண்டை குறைந்தது.

அனுமதி விஷயத்தில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் குரங்கணி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி, 23 பேர் உயிரிழந்தார்கள். அதே வருடம் மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகளை அரசு கொண்டுவந்தது. 2024 அக்டோபரிலிருந்து 14 மாவட்டங்களில் 40 பாதைகளுக்கு இணையத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம். வழிகாட்டியும் உடன் வருவார். ஏலகிரி சுவாமிமலையும் அதில் இருக்கிறது. கோடையின் தொடக்கத்தில் தீ அபாயம் காரணமாகப் பாதைகளை மூடுவார்கள். மூடியிருக்கும்போது யாரையாவது பிடித்து உள்ளே போகப் பார்க்க வேண்டாம். இங்கே இருப்பது இலையுதிர் காடு. மாசி பிறந்தால் தரை முழுக்கச் சருகு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தீக்கு முன்னால் ஓட முடியாது.

வழிகாட்டி என்றால் பாதை காட்டுபவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஜமுனாமரத்தூரில் நிலத்துக்கார அம்மாவின் மகன் எங்களை ஊர்ப்பாதையில் அழைத்துப் போனார். ஓரிடத்தில் நின்று ஒரு கறையான் புற்றைக் காட்டினார். புற்றின் ஒரு பக்கம் பிய்த்து எறியப்பட்டு, உள்ளே செம்மண் ஈரமாகத் தெரிந்தது. ஓரத்தில் ஆழமாக இழுத்த நான்கைந்து கோடுகள். "நேற்று இரவு கரடி வந்திருக்கிறது. மண் இன்னும் காயவில்லை பாருங்கள், அக்கா" என்றார். நாங்கள் மட்டும் போயிருந்தால் அதை உடைந்த புற்று என்று பார்த்துவிட்டுக் கடந்திருப்போம். கரடிக்கு மூக்கு கூர்மை, கண் மந்தம். திடீரென்று எதிரில் மனிதரைக் கண்டால் மிரண்டு தாக்கும். அதனால் பொழுது விடியும் முன்பும் சாய்ந்த பின்பும் நடக்கக் கூடாது, வளைவுகளில் பேசிக்கொண்டே போக வேண்டும் என்றார். பாறை முகட்டில் மலைத்தேனீக் கூடுகளைத் தூரத்திலிருந்தே காட்டிப் பாதையை மாற்றினார். அன்றிலிருந்து காட்டுக்குப் போகும் நாளில் வாசனைத் தைலம், சென்ட் எதுவும் பூசுவதில்லை.

மலையில் இருக்கும் மக்கள் மலையாளிப் பழங்குடியினர்; கேரளத்து மலையாளிகள் அல்ல. சாமையும் கேழ்வரகும் தேனும் புளியும் அவர்கள் வாழ்க்கை. அவர்கள் ஊர் வழியாக நடக்கும்போது கோயில் திட்டுகளில் செருப்போடு ஏறக் கூடாது, வீட்டு வாசலையும் பிள்ளைகளையும் கேட்காமல் படம் பிடிக்கக் கூடாது. அவர்கள் விற்பதைப் பேரம் பேசாமல் வாங்குங்கள். அங்கே வாங்கிய சாமை அரிசியை அன்றே சமைத்தோம். வெங்காயமும் பச்சை மிளகாயும் தாளித்த சாமை உப்புமா அரை மணியில் ஆகிவிட்டது. முதல் நாள் சமையல் வைத்துக்கொள்ளாமல், வீட்டிலிருந்து புளிச்சோறு கட்டிக்கொண்டு போவது நல்லது. கூடாரம் கட்டிமுடிக்கவே பொழுது போய்விடும். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்று கணக்கு வைக்கிறோம். ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிப்பதில்லை.

இனி எழுதப் போவதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். போன வருடம் ஜனவரியில் மலையிலிருந்து வந்து பத்து நாள் கழித்து என் கணவருக்குக் காய்ச்சல். கடுமையான தலைவலி, உடம்பு வலி. பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். நான்கு நாள் ஆகியும் இறங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "காட்டுப் பக்கம், புதர்ப் பக்கம் போனீர்களா?" என்பதுதான். பிறகு சட்டையைக் கழற்றச் சொல்லி, அக்குள், மார்பு என்று அங்குலம் அங்குலமாகத் தேடினார். இடுப்பில் பெல்ட் உட்காரும் இடத்தில் இருந்தது: மிளகு அளவில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம், சிகரெட்டால் சுட்ட மாதிரி. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அவரே அதைப் பார்த்திருக்கவில்லை.

அது உண்ணிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத ஒரு சிறுபூச்சியின் இளம்பருவம் கடிப்பதால் வருவது. கடித்து ஆறு நாள் முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கும். எங்கள் வேலூர் வட்டாரத்தில் மழை முடிந்த குளிர் மாதங்களில், அதாவது நாமெல்லாம் மலைக்குக் கிளம்பும் அதே மாதங்களில், இது அதிகம். காலத்தில் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துக்குச் சட்டென்று கட்டுப்படும். அவருக்கு இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. தவறவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். மலைக்குப் போய் வந்த மூன்று வாரத்துக்குள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: காட்டுக்குப் போய் வந்தோம் என்று. நாங்கள் இப்போது புல்லில் நேரடியாக உட்காருவதில்லை, ஈரத் துணியைப் புதர் மேல் உலர்த்துவதில்லை. முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் செருகிய பேண்ட். வீடு வந்ததும் குளியல், துணிகள் நேராக வெந்நீரில். குழந்தைகளின் அக்குளையும் தொடை இடுக்கையும் காது மடலின் பின்புறத்தையும் நானே பார்த்துவிடுகிறேன்.

பாம்பைப் பற்றி எல்லோருக்கும் பயம் இருக்கிறது. செய்ய வேண்டியது தெரிவதில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் நம் ஊரில் பெரும்பாலும் உயிரை எடுப்பவை. கட்டுவிரியன் இரவில், தரையில் தூங்குபவர்களைக் கடிக்கும். கடித்த தடம்கூடச் சரியாகத் தெரியாது. தரைத்துணியோடு சேர்த்துத் தைத்த கூடாரம், எப்போதும் மூடிய வலைக் கதவு, இரவில் டார்ச் இல்லாமல் ஓரடியும் வைக்காமை, காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போடுவது: இவ்வளவு போதும். கடித்துவிட்டால் கட்டுப் போடக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த ஆஸ்பத்திரி எது, எவ்வளவு நேரப் பயணம் என்று மலை ஏறும் முன்பே விசாரித்துவிடுங்கள். 2023 மே மாதம் அணைக்கட்டுப் பக்கத்து அல்லேரி மலையில், பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சாலை இல்லாத காரணத்தால் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே இறந்துபோனது. நமக்கு இரண்டு நாள் உல்லாசமாக இருக்கும் தூரம், அங்கே இருப்பவர்களுக்கு உயிர் போகிற தூரமாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் காரை நிறுத்திவிட்டு நடக்கும்போது அந்தத் தாயை நினைத்துக்கொள்கிறேன்.

ஜமுனாமரத்தூரில் தங்கினால் ஒரு சனிக்கிழமை காவலூருக்குப் போய் வாருங்கள், பொதுமக்களை அனுமதிக்கிறார்களா என்று முன்கூட்டி விசாரித்துக்கொண்டு. 725 மீட்டர் உயரத்தில், காட்டின் நடுவே இருக்கிறது வைணு பாப்பு வானாய்வகம். 2.34 மீட்டர் விட்டமுள்ள அங்கிருக்கும் பெரிய தொலைநோக்கி 1986-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1988-இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு குறுங்கோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. இவ்வளவும் ஜவ்வாது மலையில் நடப்பதற்கு ஒரே காரணம் இருட்டு. அந்த இருட்டைக் கெடுக்காமல் இருப்பது தங்க வருபவர்களின் கடமை என்று எனக்குப் படுகிறது. கூடாரத்துக்கு வெளியே வெள்ளை விளக்கு வேண்டாம். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டினால் கண் கூசாது, பாதையும் தெரியும். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு இருபது நிமிடம் பொறுத்திருந்தால் கண் பழகும். அதன் பிறகு தெரியும் வானத்தை ஆயா தன் சிறுவயதில் மாடியில் படுத்துப் பார்த்ததாகச் சொன்னார். என் பிள்ளைகள் அதை அன்றுதான் பார்த்தார்கள். வெகு நேரம் யாரும் பேசவில்லை.

போன வாரம் நிலத்துக்கார அம்மா போன் செய்தார். சாமை அறுத்தாயிற்று, தாள் நன்றாகக் காய்ந்திருக்கிறது, உங்களுக்கென்று ஒரு கட்டைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன் என்றார். ஆயா தன் கம்பளியை எடுத்து மொட்டை மாடி வெயிலில் விரித்துவிட்டார்.